தாய்வழி தேடிய பிரபு

1949ஆம் ஆண்டில் உமர் ரோல்ஃப் ஏரன்ஃபெல்ஸ் என்ற ஆஸ்திரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, அவர் பெயரோடு வழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருந்த 'பாரன்' என்னும் பிரபு பட்டம் சட்டப்படி செத்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பிறந்த பிராக் நகரைத் தலைநகராகக் கொண்டு எழுந்த செக்கோஸ்லோவாகியக் குடியரசு 1918 டிசம்பரிலேயே பிரபு பட்டங்களை ரத்து செய்தது; முன்னோரின் மாளிகை இருந்த ஆஸ்திரியா 1919 ஏப்ரலில் அதையே செய்து, குடும்பப் பெயருக்கு முன் வரும் 'ஃபான்' என்ற ஒட்டையும் தடை செய்தது. அவர் வந்து சேர்ந்த சென்னையிலோ, ஜமீன்களை ஒழித்து நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்துகொண்டிருந்தது; அடுத்த ஆண்டே இந்திய அரசியல் சாசனத்தின் 18ஆம் ஷரத்து பட்டங்களுக்கு விடை கொடுத்தது. அவர் மனம் தோய்ந்து ஆராய்ந்த காடர் என்னும் வனவாசிகளின் காடுகள் எந்த ராஜ்யத்தின் ஆட்சியில் இருந்தனவோ அந்தக் கொச்சி சமஸ்தானமும் 1949 ஜூலை முதல் தேதி திருவிதாங்கூரோடு இணைந்து மறைந்துபோயிற்று; 1952இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்த அவருடைய நூலின் தலைப்பில் மட்டும், 'கொச்சியின் காடர்' என்று அந்த ராஜ்யத்தின் பெயர் நின்றது.

பட்டங்களும் பாத்தியதைகளும் இப்படி ஒருசேர உதிர்ந்துகொண்டிருந்த ஒரு யுகத்தில், தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் பட்டத்தை உடைய குலத்தில் பிறந்த ஒரு மனிதர், தாய்வழியே குலமும் வீடும் இறங்கும் சமூகங்களைத் தேடித் தம் வாழ்நாளின் சாரமான பகுதியைக் கழித்தார் என்பதும், அதில் 1961 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகம் உள்ள நம் சேப்பாக்கத்துக்கு உரியவை என்பதும், நெடுநாளாக என் மனத்தை விட்டு அகலாத விஷயங்கள். ஐரோப்பிய உயர்குலத்தார் நம் ஊருக்கு வருவது புதிதன்று. பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றங்கரையில் நிலைகொண்ட நாளிலிருந்தே, ஆத்ம ஞானத்தை நாடிக் கப்பலேறி வந்தவர்கள் பலர். ஏரன்ஃபெல்ஸ் கேட்டு வந்த கேள்விகளோ, மயிலாப்பூரில் ஒரு கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்தில் பெரியவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்கு நெருங்கியவை: மணமானபின் யார் யார் வீட்டில் வாழ்வது, மகளுக்கு என்ன சேரும், தாய்மாமன் சொல்லுக்கு எவ்வளவு கனம், விதவையானவள் யார் நிழலில் ஒதுங்குவாள்? இந்தக் கேள்விகள் ஒரு பிரபுவின் உள்ளத்தில் எப்படி வேரூன்றின என்பதை அறிய அவருடைய குடும்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தந்தையார் கிறிஸ்டியன் ஃபான் ஏரன்ஃபெல்ஸ், 1859இல் வியன்னாவுக்கு அருகில் பிறந்தவர். கீழ் ஆஸ்திரியாவின் வனப்பிரதேசத்தில் இருந்த பிரன் அம் வால்டே என்னும் குடும்ப மாளிகையில் வளர்ந்தவர். மூத்த மகனுக்கே உரிய எஸ்டேட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தத்துவமும் இசையும் போதும் என்று புறப்பட்டார். தம்பிக்கு நாட்டை விட்டுக் காடேகிய அண்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத செய்கையன்று. ஆனால் இவரை யாரும் போகச் சொல்லவில்லை, தாமே போனார். ஆன்டன் புரூக்னரிடம் இசையிலக்கணம் பயின்றார். வாக்னரிடம் அவருக்கிருந்த பக்தி எத்தகையதென்றால், 1882இல் வாக்னரின் 'பார்சிஃபால்' இசைநாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது வியன்னாவிலிருந்து பைராய்த் நகருக்குக் கால்நடையாகவே யாத்திரை போனார். பழனிக்கு நடக்கும் பக்தனின் உறுதி அது.

இந்த சங்கீதப் பித்திலிருந்துதான் அவருடைய பெயரை இன்றளவும் நிலைநிறுத்தும் கருத்து பிறந்தது. 1890இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் எழுப்பிய கேள்வி இது: ஒரு மெட்டை வேறொரு சுருதிக்கு மாற்றிப் பாடினால் அதிலுள்ள ஒலிகள் அத்தனையும் மாறிவிடுகின்றன, ஆயினும் கேட்பவர் அதே மெட்டு என்று எப்படி அறிகிறார்? மார்கழியில் நம் சபாக்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. காலையில் ஒரு வித்வான் ஒரு கட்டை சுருதியில் பாடிய தோடியை மாலையில் ஒரு விதுஷி ஐந்து கட்டையில் எடுக்கிறார். ஷட்ஜம் முதலாக எல்லாமே வேறு இடத்துக்கு ஏறிவிட்டது. ஆலாபனையின் முதல் பிடியிலேயே மூன்றாம் வரிசை மாமி 'தோடி' என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிடுகிறார். தனித்தனி ஸ்வரங்களுக்கு அப்பால், அவற்றின் உறவினால் ஆன ஒரு வடிவம் இருக்கிறது என்றும், மனம் பற்றுவது அந்த வடிவத்தையே என்றும் கிறிஸ்டியன் சொன்னார். பின்னாளில் பெர்லினில் ஒரு முழு மனோதத்துவ மரபே இந்த வித்திலிருந்து முளைத்தது. தனித்தனி மனிதர்களைவிட அவர்களுக்கு இடையிலுள்ள உறவுகளின் அமைப்பே குடும்பத்தையும் குலத்தையும் ஆக்குகிறது என்று மகன் பிற்காலத்தில் ஆராய்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

1896 முதல் 1929 வரை கிறிஸ்டியன் பிராக் நகரின் ஜெர்மன் சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியர். காஃப்காவும் மாக்ஸ் பிராடும் அவர் வகுப்பில் அமர்ந்தவர்கள். இதே மனிதர் எழுதிய மற்றொரு சித்தாந்தத்தை மனவேதனையோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஏகதார மணமுறை மனித இனத்தை நலிவடையச் செய்கிறது என்றும், வலிமையும் அறிவும் மிக்க சில ஆண்களே பல பெண்களிடம் சந்ததி பெற வேண்டும் என்றும், தாய்மார்கள் கூட்டாக ஒரு கூரையின்கீழ் குழந்தைகளை வளர்க்கலாம் என்றும் அவர் வாதித்தார். ஃபிராய்டு 1908இல் எழுதிய ஒரு பிரசித்தமான கட்டுரையை இவருடைய நூலைச் சுட்டியே தொடங்குகிறார். மனிதரை விதைநெல்லாகப் பொறுக்கும் இந்த எண்ணம், பிற்பாடு ஜெர்மனியில் எத்தகைய கொடுமைக்கு வழிவிட்ட எண்ணங்களின் இனத்தைச் சேர்ந்தது என்பதை நாம் அறிவோம். கிறிஸ்டியன் 1932இல் காலமானார். அந்தக் கொடுமை ஆட்சியேறியதை அவர் காணவில்லை. அவர் மகனை அது நாட்டைவிட்டே துரத்திற்று. பெண்களை நடுவில் வைத்து ஆணின் பொருட்டுத் தகப்பனார் போட்ட திட்டத்தைப் படித்து வளர்ந்த மகன், பெண்களை நடுவில் வைத்துப் பெண்களின் பொருட்டே அமைந்த வாழ்க்கை உலகில் எங்கேனும் உண்டா என்று தேடப் புறப்பட்டான் என்று சொன்னால் அது மிகையாகாது.

தமக்கை இம்மாவின் வாழ்க்கை தனியே எழுதத் தக்கது. 1895இல் பிறந்த அவள், ஹோல்டர்லின் என்னும் மகாகவியின் மறக்கப்பட்ட பாடல்களைப் பதிப்பித்து உலகுக்குத் திருப்பித் தந்த இளம் அறிஞரான நார்பெர்ட் ஃபான் ஹெல்லிங்ராத்துக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள். 1916 டிசம்பரில் வெர்தன் போர்க்களத்தில், இருபத்தெட்டு வயதில், அவர் மாண்டார். பின்னர் வில்ஹெல்ம் ஃபான் போட்மர்ஸ்ஹோஃபை மணந்து, ராஸ்ட்பாக் என்னும் கிராமத்துப் பண்ணையை நிர்வகித்துக்கொண்டே நாவல்கள் எழுதினாள். 1958இல் ஆஸ்திரிய அரசின் உயரிய இலக்கியப் பரிசைப் பெற்றாள். 1962இல் ஜெர்மன் மொழியில் ஹைக்கூக் கவிதைகளின் தொகுதி ஒன்றை வெளியிட்டாள். தம்பி ரோல்ஃபும் அதே போட்மர்ஸ்ஹோஃப் குடும்பத்துப் பெண்ணான எல்ஃப்ரீடேயைத்தான் 1920களில் மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்று நம் பாட்டிமார் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

ரோல்ஃப் 1901இல் பிறந்தார். 1927இல் பெர்லினில் இஸ்லாத்தைத் தழுவி உமர் என்ற பெயரை ஏற்றார். 1930களின் தொடக்கத்தில் இந்தியாவில் பிரயாணம் செய்தபின், முப்பது வயதைத் தாண்டியிருந்தும், வியன்னா சர்வகலாசாலையில் மாணவராகச் சேர்ந்து மானிடவியல் பயின்று, இந்தியாவின் தாயுரிமையைப் பற்றி ஆய்ந்து 1937இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஹிட்லரின் படை 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியது. நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்தவர் அங்கே இருக்க முடியாது. ஹைதராபாத் நிஜாமின் சமஸ்தானம் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கும் நிம்மதி நீடிக்கவில்லை. யுத்தம் மூண்டபோது, எந்த ஆட்சியை வெறுத்து ஓடிவந்தாரோ அதே ஆட்சியின் பிரஜை என்று கணக்கிட்டுப் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைக் காவல் முகாமில் அடைத்தது. யுத்தம் முடியும்வரை விடுதலை இல்லை.

மனைவி எல்ஃப்ரீடே உடன் வரவில்லை. 1937இல் வியன்னாவில் 'அலியும் நினோவும்' என்ற ஜெர்மன் நாவல் வெளியாயிற்று. பாக்கு நகரத்து முஸ்லிம் இளைஞன் ஒருவனும் ஜார்ஜியக் கிறிஸ்தவப் பெண்ணும் கொண்ட காதலின் கதை. ஆசிரியர் பெயராக அட்டையில் இருந்தது குர்பான் சையத் என்ற புனைபெயர். அந்தப் புனைபெயருக்கு உரியவராக ஜெர்மானிய நூற்பட்டியலில் பதிவாகியிருப்பவர் இந்த எல்ஃப்ரீடே. எழுதியவர் லெவ் நுசிம்பாம் என்னும் யூதர், யூதர் எழுதுவது தடைப்பட்ட அந்நாளில் அவர் குரலுக்கு ஒரு பிரபுப் பெண்மணி தன் பெயரை மறைப்பாகத் தந்தாள் என்று கருதுவோர் பலர்; அசர்பைஜான் தேசத்தாருக்கோ தங்கள் எழுத்தாளர் ஒருவரே ஆசிரியர் என்ற உரிமைவாதம் உண்டு. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், பிரபு வம்சத்தின் பெயர் கடைசியாகப் பயன்பட்ட நல்ல காரியங்களில் இது ஒன்று என்பேன். பின்னர் ரோல்ஃபின் வாழ்க்கைத் துணையாக வந்தவர் மிரேய் அபேய் என்ற பிரெஞ்சுப் பெண்மணி.

1941இல் ஹைதராபாத்தின் உஸ்மானியா சர்வகலாசாலை வரிசையில் வெளிவந்த 'இந்தியாவில் தாயுரிமை' என்ற நூலில் ஏரன்ஃபெல்ஸ் கட்டிய வாதம் துணிச்சலானது. தாய்வழிச் சமூகம் இத்தேசத்தில் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. மலையாள நாயர்களும் அஸ்ஸாம் மலைகளின் காசிகளும் அதன் எச்சங்கள். பால்ய விவாகம், சதி, கோஷா போன்ற வழக்கங்கள் அந்தப் பழைய பெண்ணுரிமைக்கு எதிராகக் கிளம்பிய ஓர் இயக்கத்தின் விளைவுகள் என்பது அதன் சுருக்கம். கலாசார மண்டலங்களைப் படம் வரைந்து காலம் கணிக்கும் வியன்னா மரபின் முறை இன்று செல்லுபடியாவதில்லை; நூலின் வரலாற்றுக் கட்டடத்தில் பாதி அதனோடு சரிந்துவிட்டது. சரியாமல் நிற்பது அவர் கேட்ட கேள்வி. தமிழகத்திலும் அதன் அக்கம்பக்கத்திலுமே அதற்கு எத்தனை விடைகள் கிடைக்கின்றன! கொண்டையங்கோட்டை மறவர் தாயின் கிளையையே பிள்ளைக்குச் சொல்கிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்குத்தான் வீடு. மணமகன் அவள் வீட்டுக்கு வருகிறான். மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழியே இறங்குகிறது. கொச்சி ராஜ்யத்தில் அரசனின் மகன் அரசனானதில்லை. சகோதரியின் வம்சமே சிம்மாசனம் ஏறிற்று.

இந்த இடத்தில் ஏரன்ஃபெல்ஸோடு நான் வேறுபடுகிறேன். தாய்வழி என்றாலே பெண்ணுக்கு மேன்மை என்று அவர் நம்பிய அளவுக்கு நம்மால் நம்ப முடியாது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நம்மிடம் இருக்கிறது. அதில் பேசுகிறவள் காரணவர் என்னும் குடும்பத் தலைவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி. சொத்தெல்லாம் கணவனின் சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் குடும்பத்தில், கணவன் இருக்கும்போதே அவள் பட்ட பாட்டையும் அவன் கண் மூடியபின் அவளும் குழந்தைகளும் நடுத்தெருவில் நிற்பதையும் அவள் வாயாலேயே கேட்கிறோம். தாய்வழியில் சகோதரிக்கு இடம் உண்டு, மனைவிக்கு இல்லை, அதிகாரமோ இருவரிடமும் இல்லாமல் மாமனிடம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசாங்கம் 1926இல் நாஞ்சில் வேளாளருக்குத் தனிச் சட்டம் இயற்றி அந்த முறைக்கு முடிவு கட்டிற்று. எனினும் ஏரன்ஃபெல்ஸ் சொன்னதிலும் ஒரு சத்தியம் மிஞ்சுகிறது: அந்த முறையில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை யாரும் வெளியே தள்ள முடியாது. தந்தைவழியில் அந்த ஓர் உறுதியும் அவளுக்கு இருந்ததில்லை. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கும் நூல் ஒன்று தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

அவர் வந்து சேர்ந்த சென்னை இந்த விவகாரங்களில் தேர்ந்த ஊர் என்பதையும் நினைக்க வேண்டும். சிவகங்கை ஜமீன் சகோதரன் மகன்களுக்கா மகளுக்கா என்று ஒரு தலைமுறைக் காலம் நடந்த வழக்கில், 1863இல் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்கே என்று தீர்த்தது. இந்து சட்டம் படித்த எந்த வக்கீலும் அதைத் தாண்டிப் போக முடியாது. லஸ் சர்ச் ரோட்டிலும் அதன் சுற்றுத் தெருக்களிலும் வக்கீல்கள் எழுப்பிய பெரிய வீடுகளில் ஜமீன் பாகவழக்குகள் கட்டிய கற்கள் அநேகம் இருக்கும். மலபார் இந்த மாகாணத்தின் ஜில்லாவாக இருந்ததால் மருமக்கத்தாயம் என்னும் தாய்வழி உரிமை பற்றிய வழக்குகளும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே வந்தன. சங்கரன் நாயர் முயன்று 1896இல் கொண்டுவந்த மலபார் விவாகச் சட்டமும், தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி திறந்த 1933ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே பிறந்தவை. ஏரன்ஃபெல்ஸ் இங்கே இருந்தபோதே, 1956இல், இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குப் பங்கு என்று எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் மலபார் கேரளத்துக்குப் போக, கவிமணியின் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. தாயுரிமை ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஊரும் காலமும் வாய்ப்பது அரிது.

இவ்வளவுக்கும், அவருடைய எழுத்தில் நான் மிகவும் விரும்புவது தாய்வழிச் சமூகம் அல்லாத காடரைப் பற்றியது. ஆனைமலைத் தொடரில் தேன், கிழங்கு, குங்கிலியம் என்று காடு தருவதை எடுத்து வாழ்ந்த அவர்களிடம் பங்கு பிரிக்கும் நிலமும் இல்லை, பங்குக்கு வழக்காடும் சட்டமும் இல்லை. அவர்களுடைய பொருள்களில் ஒன்று மூங்கில் சீப்பு. மணம் செய்துகொள்ளப்போகும் இளைஞன் மூங்கிலைச் சீவி, பல் வகிர்ந்து, மேற்பட்டையில் கத்தி முனையால் கோடும் கட்டமும் முக்கோணமுமாக நெருக்கமான சித்திரம் செதுக்கித் தன் கைப்படச் செய்து அவளுக்குத் தர வேண்டும். அவள் அதைப் பின்கொண்டையில் செருகிக்கொள்வாள். மலேயாக் காடுகளின் செமாங் மக்களிடமும் இத்தகைய சீப்பு இருப்பதை அறிஞர்கள் முன்பே கவனித்திருந்தனர். சீர்வரிசையும் நிலப்பத்திரமும் இல்லாத இடத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆதாரமாக அந்த மூங்கில் பட்டை இருந்தது. காடுகளின் உள்ளே நுழைந்த மரவியாபாரமும் தேயிலைத் தோட்டமும் அவர்களைக் கூலிகளாகவும் கடனாளிகளாகவும் ஆக்கிவந்த காலத்தில், அவர்களை அரும்பொருட்காட்சிப் பொருளாகக் கருதாமல், ஆணும் பெண்ணும் கூடிவாழ அறிந்த மக்களாக மதித்து எழுதியவர் இந்தப் பிரபு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து ஜாதிகளை வகைப்படுத்திய காலத்துக்கும் இதற்கும் உள்ள தூரம், சில பத்தாண்டுகளில் அடங்குவதன்று.

1961இல் அவர் ஹைடல்பெர்க் சர்வகலாசாலைக்குச் சென்றார். 1980இல் அதற்கு அருகிலேயே காலமானார். நம் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களைத் தவிர இங்கே அவர் பெயரை அறிந்தவர் சிலரே. அவருக்குச் சிலையோ சாலைப் பெயரோ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'கொச்சியின் காடர்' தமிழில் வர வேண்டும் என்று கேட்கிறேன். வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது. அதன் 2008ஆம் ஆண்டு விதிகள், ஒரு சமூகம் காட்டை அனுபவித்து வந்ததற்குரிய சான்றுகளில் அதன் வழக்கங்களைப் பதிவு செய்த ஆராய்ச்சி நூல்களையும் சேர்க்கின்றன. கேரளத்தில் வாழச்சால் காடர் குடியிருப்புகள் 2014இல் சமூக வன உரிமையைப் பெற்றுவிட்டன. தமிழ்நாட்டுப் பக்கத்தில், வால்பாறையைச் சுற்றிய காடர் குடிகள் தங்கள் மண்ணுக்காக நெடுநாள் மனு எழுதிவந்திருக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் பல்கலைக்கழகமே அச்சிட்ட ஒரு நூலில் அவர்கள் இனத்தாரின் வாழ்வும் வழக்கமும் இருக்கின்றன. அதை அவர்கள் படிக்கும் மொழியில் அச்சிட்டு, பிழையான இடங்களை அவர்களுடைய முதியவர்களைக் கொண்டே திருத்தி, அந்தக் குடியிருப்புகளின் கிராமசபைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சேப்பாக்கத்தின் கடமை.